தாயாய் வந்தவன் செய்த பணிவிடை

சைவப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியப்பணி புரியும் மெய்யன்பர்களே!

தவணை நாட்கள் ஆண்டுக்காண்டு முன்பின்னாக மாறினும், பள்ளி விடுமுறையும் திருவெம்பாவைக் காலமும் பெரும்பாலும் ஒருங்கே வருகின்றன. திருவாதிரையை நோக்கிய அந்தப் பத்து நாளும் வைகறையில் எழுந்து நீராடித் திருநீறணிந்து, சங்கும் சேமக்கலமும் ஒலிப்பப் பிள்ளைகளை அழைத்து வீதிவலம் வருதலும், கோயிலிற் பாராயணஞ் செய்வித்தலும் ஆசிரியருக்கு உரிய கடமைகள் என்றே ஊரவர் கருதுவர். அது நன்றே. ஆயின் அந்நாட்களிற் பெற்ற தாயோ, தந்தையோ, வாழ்க்கைத் துணையோ எழுந்திருக்கமாட்டாத பெருநோயாற் பாயிற் கிடப்பாராயின், அவ்வாசிரியர் செய்யத்தக்கது யாது? கோயிலுக்குச் செல்வதா, நோயாளர் பக்கத்தில் இருப்பதா? இவ்வினா பலர் உள்ளத்தில் இருந்தும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. ஆகலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

மட்டக்களப்பிலே இவ்வினாவுக்குத் தனியே ஒரு முகம் உண்டு. இங்கே வீடு மகளுக்குச் சீதனமாய்ச் செல்வது. மணமகன் மனைவியின் வீட்டிலே சென்று வாழ்வது. முதுமையுற்ற பெற்றோர் மகளின் வீட்டிலோ, அவ்வளவிலுள்ள சிறு வீட்டிலோ தங்குவது. தாய்வழிக் குடிமுறை தழைத்த இந்நாட்டின் நெடுங்கால வழக்கு இது, குறைகூறத் தக்கதன்று. ஆயினும் தாய் பாயில் விழுந்த நாள்முதற் பணிவிடை முழுவதும் மகள் ஒருத்தியின் தோளிலேயே ஏறுகின்றது. மகனோ வாவியின் மறுகரையில் ஆசிரியராய் இருப்பார். விடுமுறை வந்ததும் மனைவி மக்களுடன் தோடம்பழமும் விசுக்கோத்தும் கொண்டு வருவார். தாயின் தலைமாட்டில் அரைநாழிகை இருந்து கண்ணீர் விடுவார். தமக்கை சமைத்த சோற்றை உண்பார். கோயிற் காரியத்துக்கு நேரமாயிற்று என்று அன்று மாலையே மீள்வார். அவருக்கு அன்பில்லை என்று யாம் சொல்லமாட்டோம். அவர் விருந்தினராக வந்து விருந்தினராகவே போனார், அதுவே குறை.

திரிசிராமலையின் பெருமையை எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் விரித்துரைக்கும். இரத்தினாவதி என்னும் பெண் அங்கே பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்தாள். அவளுக்குத் துணையாகப் புறப்பட்ட தாய், காவிரி பெருக்கெடுத்தமையால் அக்கரையிலே தடைப்பட்டு நின்றாள். இக்கரையிலே மகள் தனியளாய் நோவெடுத்துத் துடித்தாள். அப்பொழுது சிவபெருமான் அத்தாயின் வடிவந் தாங்கி வந்து, அவளுக்கு வேண்டுவன யாவும் செய்து, மகப்பேறு இனிது முடியச் செய்தருளினார். வெள்ளம் வடிந்தபின் மெய்த்தாய் வந்து சேர, ஒருவடிவாய் இருவரைக் கண்டோர் திகைத்தனர், இறைவர் மறைந்தருளினார். தாயுமானவர் என்னும் திருநாமம் அவருக்கு வந்தது இதனாலேயே.

இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். ஒன்றை மட்டும் நின்று நோக்குமின். காவிரியை வற்றச் செய்தல் கங்கையைச் சடையில் அடக்கியவருக்கு அரிய செயலோ? அன்று. அவர் வெள்ளத்தை விலக்கவில்லை. மலைமேலிருந்தபடியே நோவைத் தீர்க்கவும் இல்லை. வீட்டுக்குள்ளே வந்தார். பேறுகால அறையிற் செய்யவேண்டுவன எத்தகையன என்பதைப் பெண்மக்கள் அறிவர். துடக்கென்று நாம் ஒதுங்கும் அனைத்தும் அங்கே உண்டு. அவற்றைத் தீண்ட அவர் கூசினாரல்லர். நோயாளரின் மலசலம் எடுத்தலும் உடம்பு துடைத்தலும் பெண்களுக்குரிய வேலை என்று சொல்லும் ஆடவர், அவ்வேலைக்காக இறைவர் பெண்ணுருவே கொண்டதை மறந்தார் போலும்!

நமது வாவியும் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்து, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கின்றது. மாரிமழை கொட்டும் மார்கழியில் அதன் பெருக்கை அறியாதார் இங்கு இல்லை. மண்முனைத் துறையிற் பாதையேறிக் கடந்தே கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல்லவேண்டியிருந்த காலத்தில், அக்கரைத் தாயின் நோய் இக்கரை மகனுக்குத் தெரியும்முன் நாட்கள் கழிந்ததுண்டு. 2014ஆம் ஆண்டில் யப்பானிய உதவியால் அங்கே பாலம் அமைந்தது. பாலம் வந்தபின்னும் நாம் அக்கரையிலேயே நிற்போமாயின், அக்குற்றம் வெள்ளத்தினதன்று.

ஆகவே விடுமுறையிற் செல்லும் ஆசிரியர் தமக்கையின் கையிலுள்ள வேலையைத் தம் கையில் வாங்குதல் வேண்டும். முதலில் அவளிடம் கற்றுக்கொள்க. எந்தப் பக்கஞ் சரித்தால் தாய்க்கு நோகும், எந்த மருந்து எப்பொழுது, எவ்வளவு கஞ்சி இறங்கும் என்பனவெல்லாம் அவளுக்கே தெரியும். கற்பிக்கவே பழகிய நமக்கு இது எளிதன்று! தாமே புரளமாட்டாதவரை இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தாவிடிற் படுக்கைப்புண் உண்டாகும். தலையை உயர்த்தாமல் நீர் பருக்கினாற் புரையேறி மார்பிற் சளி கட்டும். இவை கற்றபின் இரவுக்காவலை ஏற்று, அவளை உறங்கவிடுக. பின்பு ஒரு வைகறையில் அவளை எழுப்பி, “அக்கா, நீ குளித்துக் கோயிலுக்குப் போய் வா, அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன்” என்று சொல்லுக. ஆண்டு முழுவதும் வாயிற்படி தாண்டாத அவள் திருவெம்பாவை கேட்டு வருவாளாயின், அந்த நேரத்திற் பாய்க்கருகே இருந்தவருக்குப் பூசை தவறிற்றென்று எந்தச் சாத்திரம் சொல்லும்?

இதனாற் கோயிற்றொண்டை விட்டுவிடுக என்றோமல்லோம். சூலைநோயால் நைந்த தம்பியார் இரவிலே திருவதிகைக்கு வந்து திலகவதியார் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் திருநீறு கொடுத்தார். விடியுமுன் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடனழைத்துத் திருக்கோயில் புகுந்தார். நோயாளியையும் விட்டாரல்லர், தொண்டையும் விட்டாரல்லர். நடக்கவியலாதவருக்கோ கோயில் நடந்து வருதல் வேண்டும். பிள்ளைகளை அழைத்து வீதிவலம் வரும்போது நோயாளர் வீட்டுப் படலையருகே நின்று, சேமக்கலத்தை அடக்கி, ஒரு பாட்டை மெல்லப் பாடச் செய்க. நோயாளர் வீடு துடக்கு வீடன்று, ஒதுங்கிப் போகவேண்டா. நாலு மணிக்கே ஒலிபெருக்கியால் ஊரை அதிரச் செய்வது இக்கால வழக்கமாயிற்று. அது நோயாளருக்கு எட்டும் திருவெம்பாவையன்று, தலையில் விழும் இடி.

வாழ்நாளெல்லாம் விரதங்காத்த தாய், நோயிலும் உண்ணேன் என்று பிடிவாதஞ் செய்வதுண்டு. நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் உண்ணாதிருப்பின் இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து அறிவு மயங்கும். ஆகலின் வைத்தியர் சொற்படி உணவு கொடுத்து, அவர் பொருட்டு நீங்கள் விரதங் காக்கலாம்.

திருநாளுக்கு வரும் உறவினர் வாயையும் சிறிது காத்தல் வேண்டும். “எந்தப் பிறப்பில் என்ன செய்தாளோ!” என்பர் சிலர். பனிக்காலத்திற் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அஃது அப்பருவத்தில் அந்நாட்டின் இயல்பு என்றும், வினை வந்தாற் பொறுக்கவேண்டுவதே என்றும் சொல்லித் திருஞானசம்பந்தப் பிள்ளையார் வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். வினை உண்மை சைவர்க்கு உடன்பாடு; அதனை நோயாளர் செவியில் ஓதுதல் யார்க்கும் உரித்தன்று. கொடியேறிய பின் ஏதும் நேர்ந்தால் திருவிழாவுக்குப் போகமுடியாதே என்று அறைவாயிலில் நின்று முணுமுணுப்பாரும் உளர். பேச்சிழந்தவருக்கும் செவி கேட்கும் என்பதை அவர்க்கு நீங்கள் உணர்த்துக.

இரத்தினாவதியின் நோவு பிறப்பிலே முடிந்தது. நம் தாயின் நோவு அவ்வாறு முடியாதிருக்கலாம். மருந்து கைவிட்டது என்று வைத்தியர் சொன்ன பின்னும் உதட்டை நனைத்தலும், கையைப் பற்றியிருத்தலும், நெற்றியில் நீறு இடுதலும் எஞ்சியுள்ளன. அவற்றுக்கும் ஒருவர் வேண்டும். பள்ளி திறக்கும் நாள் நெருங்கும்போது, தமக்கையோடும் உடன்பிறந்தாரோடும் இருந்து, அடுத்த சனிக்கிழமை இரவு யாருடையது, அதற்கடுத்தது யாருடையது என்று வகுத்துக்கொண்டு, உங்கள் இரவைக் கேட்டு வாங்கியபின் புறப்படுக.

திருச்சிற்றம்பலம்.