தகுதி யார் கையில் இருக்கிறது?

தகுதி என்ற சொல்லை நம் தெருவில் யாரும் சும்மா புழங்குவதில்லை. "கெட்டிக்காரன்" என்போம், "நல்லா ஆடுவான்" என்போம், "கைவேலை தெரிஞ்சவ" என்போம். தகுதி என்பது வெளியிலிருந்து வருகிற சொல். வரும்போது பெரும்பாலும் 'இல்லை' என்ற வாலோடுதான் வரும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளையாட்டு மைதானத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அங்கேதான் கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறது. எத்தனை ஜெயித்தான், எத்தனை தோற்றான், எல்லார் கண்ணுக்கும் தெரியும். அங்கேயே இந்தச் சொல் இத்தனை வேஷம் போடுமானால், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற இன்டர்வியூவில் என்னதான் போடாது?

முதலில் ஒரு தூரதேசத்துச் சங்கதி. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்று ஒன்று. பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். நூற்றுக்கு மேற்பட்ட அணிகள். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது. அதனால் 2023 வரை 13 பேர் கொண்ட தேர்வுக்குழு ஒன்று உட்கார்ந்து, கடைசிக் கட்டத்துக்கு நான்கு அணிகளைப் பொறுக்கி வந்தது. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் என்ற பல்கலைக்கழக அணி 13 ஆட்டம் ஆடி 13லும் ஜெயித்தது. தன் வட்டாரப் பட்டத்தையும் வென்றது. ஆனால் நவம்பரில் அதன் முக்கிய ஆட்டக்காரருக்குக் காலில் பலத்த காயம். அவர் இல்லாமலும் மீதி ஆட்டங்களை அணி ஜெயித்தது. குழுவோ அதை ஐந்தாம் இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தியது. தலா ஓர் ஆட்டம் தோற்றிருந்த டெக்சாஸும் அலபாமாவும் உள்ளே போயின.

குழு சொன்ன நியாயம் இதுதான்: அந்த ஆட்டக்காரர் இல்லாத அணி பழைய அணி அல்ல, நாங்கள் பார்ப்பது சிறந்த நான்கு அணிகளை. இந்த இடத்தில் இரண்டு சொற்கள் பிரிகின்றன. ஒன்று, உரியவர். இன்னொன்று, சிறந்தவர். உரியவர் யார் என்பது நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்வது; அதற்குக் கணக்கு இருக்கிறது. சிறந்தவர் யார் என்பது இனி நடக்கப்போவதை ஊகித்துச் சொல்வது. அதற்கு ஊகிப்பவனின் கண்தான் சாட்சி. அந்தக் கண் எந்தத் தெருவில் வளர்ந்த கண் என்பதுதான் நம் கேள்வி.

சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், பொங்கலுக்கு நடந்த கபடிப் போட்டி ஒன்றைச் சொல்கிறேன். வெளிச்சம் போய்விட்டது, அரையிறுதி நடத்த நேரமில்லை. பைனலுக்கு இரண்டு டீமை விழாக்குழுவே அறிவித்தது. தோற்காத ஒரே டீம் காலனி டீம். அதன் பெயர் அந்த இரண்டில் இல்லை. குழுவில் பெரியவர் ஒருவர் சமாதானமாகத்தான் பேசினார். "ஏம்பா, நீங்க நல்லாத்தான் ஆடினீங்க. ஆனா பைனல்னா கூட்டம் நிக்கணும் இல்ல?" ஒரு பையன் கேட்டான்: "அப்ப பாயின்ட் எதுக்குங்க எழுதினீங்க?" பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பாயின்ட் எழுதுவது ஆடுகிறவன் நம்புவதற்கு. முடிவு எடுப்பது வேறொரு நோட்டில்.

அந்த வேறொரு நோட்டு புதிதல்ல. பல்வங்கர் பாலு என்ற பந்துவீச்சாளர் சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் இந்துக்களின் கிளப் ஒன்று அவருடைய பந்தை ஏற்றுக்கொண்டது. தேநீரை மட்டும் தனியே மண்குவளையில் கொடுத்தது. இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும் இருந்ததில்லை தோழர்களே, கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக அவர் எடுத்த விக்கெட் 114. பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணிக்குக் கேப்டனாகும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. விக்கெட்டைப் பார்க்கிறவரை தகுதி விரலில் இருந்தது. கேப்டன் நாற்காலி என்றதும் அது பிறப்புக்குத் தாவிவிட்டது.

1920இல் பாலுவை அணியிலிருந்தே விட்டார்கள். அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறி, காரணத்தையும் பகிரங்கமாகச் சொன்னார்கள். இறுதி ஆட்டத்துக்குப் பாலுவைத் துணைக் கேப்டனாகத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. 1923இல் விட்டல் கேப்டன் ஆனார். கவனியுங்கள்: 114 விக்கெட் திறக்காத கதவை இரண்டு பேர் ஆட மறுத்தது அசைத்தது. தகுதியைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தருவார்கள் என்று நமக்குச் சொல்லித்தருகிற புத்திமதிக்கு இது பதில்.

அமெரிக்கக் கதைக்கு ஒரு வால் உண்டு. ஒதுக்கப்பட்ட அணி அந்த டிசம்பரில் ஜார்ஜியாவோடு வேறொரு ஆட்டம் ஆடியது. அதன் ஆட்டக்காரர்கள் பலர் இறங்கவேயில்லை. அவரவர்க்கு வேறு காரணங்களும் இருந்தன. 63-3 என்று தோற்றது. உடனே "பாத்தீங்களா, நாங்க சொன்னது சரிதானே" என்ற குரல் கிளம்பியது. இந்தக் குரல் நமக்குப் பழக்கம். வாய்ப்பைப் பறித்துவிட்டு, மனசு விட்டுப்போனவன் விழுந்ததும், விழுந்ததையே சாட்சியாக்குவது. கல்லூரியில் பாதியில் நின்றுவிட்ட நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதும் இதைத்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் விட்டுவிடக் கூடாது. 'எண்ணிக்கை மட்டும் போதுமா? யாரை ஜெயித்தான் என்று பார்க்க வேண்டாமா? அலபாமா பலமான ஜார்ஜியாவையே ஜெயித்ததே' என்கிறார்கள். நியாயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை ஒத்துக்கொண்டால் ஓரிடத்தோடு நிற்காது. கூலிக்குப் போய்க்கொண்டே, கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவுக்குப் பிறந்து, 70 மார்க் வாங்குகிற பெண் யாரை எதிர்த்து ஆடினாள்? டியூஷனும் தனி அறையும் வைத்து 90 வாங்கியவன் யாரை எதிர்த்து ஆடினான்? பந்தாட்டத்தில் எதிராளியின் பலத்தைக் கணக்கில் சேர்ப்பதை விவேகம் என்று ஏற்கும் அதே பொதுப்புத்தி, இட ஒதுக்கீடு என்றதும் "மார்க்குன்னா மார்க்குதான்" என்று ஏன் மாறுகிறது? இரண்டு அளவுகோலும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. யார் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒன்றை எடுக்கிறார்கள்.

ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்டில் ஷிப்ட் பார்க்கும் நம் பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்காக மிஷினை ஓட்டியவனிடம், பர்மனென்ட் என்ற பேச்சு வந்ததும்தான், தகுதி கேட்கிறார்கள்.

சிறந்தவர் யார் என்று தேடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அளவுகோலை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லார் முன்னாலும் எழுதிப்போடு; நடுவில் மாற்றாதே; அளக்கிறவர்களில் எங்கள் ஆளும் இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் தகுதி என்று பேசுவது அதிகாரம் தனக்கு வைத்துக்கொண்ட நல்ல பெயர், அவ்வளவுதான். மூன்றும் இருந்து, ஆடித் தோற்றால், தோற்றோம் என்று கைகுலுக்கிவிட்டு வருவோம். அடுத்த பொங்கலுக்கு விழாக்குழு நன்கொடை கேட்டு நம் தெருவுக்கும் வரும். ரசீதை வாங்குகிற கையோடு, குழுவில் நம் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.