எடைக்குப் போடாதே!

இன்ஜின் பிடித்துக்கொண்டது என்றால் போதும், "எடைக்குப் போட்டுடு" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டியில் கேட்கவே வேண்டாம். சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகளுக்குத் தீனி போட ஊரெல்லாம் காயலான் கடை. உன் ஆர்எக்ஸ் 100 பைக்கையும் தராசில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றாதே தம்பி! ஸ்பேனரை எடு. தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிஸ்டன் பட்ட பாட்டைத் தெரிந்துகொள். போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர், மொத்தம் 98 சிசி. 7500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 125 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டனுக்கு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் வெடி. டூ ஸ்ட்ரோக்கான இதற்குச் சுற்றுக்குச் சுற்று வெடி. மண்டைக்கு மேலே 2000 டிகிரியைத் தாண்டும் நெருப்பு. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அதைக் காப்பாற்றுவது பம்ப் விடும் கொஞ்சம் 2டி ஆயிலும், உள்ளே வரும் குளிர்ந்த கலவையும், பிளாக்கில் அடிக்கும் காற்றும்தான். ஆயில் வரத்து நின்றால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். இத்தனை அடி வாங்கியது ஒருநாள் நின்றதற்காகக் குப்பையா? அரியர் விழுந்த உன்னையும், கான்ட்ராக்ட் முடிந்து கேட்டில் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்த உன்னையும் பார்த்து இதையேதான் சொல்கிறார்கள். அவர்களில் எவராவது ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்களா?

நீ கழற்று. பிளாக்கை உருவியதும் கிராங்க்கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடை. உடைந்த துண்டு ஏதாவது உள்ளே விழுந்திருந்தால் அடிவரை கழுவி எடுக்காமல் மேலே போகாதே. பிறகு பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். இன்டேக் பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தமாதிரி மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் தூசியை விட்டிருக்கிறது; லாரிகள் புழுதி கிளப்பும் நம் ரோட்டில் அதில் அதிசயமில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் கோடு கோடாகக் கிழித்திருந்தால் சூடு, அல்லது ஆயில். மண்டையிலேயே ஓட்டையா? எங்கோ காற்று கசிந்து பெட்ரோல் குறைந்திருக்கலாம், பிளக் தப்பாக இருக்கலாம், டைமிங் முந்தியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிஸ்டன் மாட்டுகிறவன் அடுத்த ஜாமுக்கு அட்வான்ஸ் கட்டுகிறான். "என் நேரம் சரியில்லை" என்று பெருமூச்சு விடுகிறவனும் அதே ரகம். நேரத்தை விடு, ஆயில் பம்பைப் பார்!

இனி லேத் பட்டறை. பிஸ்டனை முதலில் வாங்கு, பிறகு பிளாக்கைக் கொடு; பிஸ்டனை அளந்துதான் போரைக் கடையவேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் உண்டு. காயம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு கடைந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் முழுக்கக் கடைந்தாலோ, 98 சிசி 102 சிசி ஆகிவிடுகிறது! ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிட அடிபட்டு எழுந்த இன்ஜின் பெரியது. (அதற்கு மேல் சுவர் தாங்காது, புது லைனர் அடிக்கவேண்டும். அதற்கும் வழி இருக்கிறது.) 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி இன்றைக்கும் தச்சூர் கூட்டுரோட்டில் சீறுகிறதென்றால், இப்படி விடாப்பிடியாகக் கடைந்த கைகளால்தான்.

வேகத்துக்கும் இந்த மண்ணுக்கும் உறவு உண்டு. இதே ரோட்டில் இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்ததே 1990-இல்தான். கடல் கடந்து பார்த்தால் கிழக்கு ஜெர்மனியின் இன்ஜினியர் வால்டர் காடென். ஜப்பான்காரர்களின் பணபலம் இல்லாத எம்இசட் மோட்டார் சைக்கிள் ஆலையில், 1961-இல் 125 சிசி டூ ஸ்ட்ரோக்கிலிருந்து 25 குதிரைத்திறனைக் கறந்தார். லிட்டர் கணக்கில் 200! வசதி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பட்டறையிலிருந்து பிளாக் வந்ததும் போர்ட் விளிம்பைத் தடவிப் பார். கூர்மையாக இருந்தால் ரிங் மாட்டி உடையும். திருப்பிக் கொடு, சாய்த்துத் தேய்த்துத் தரச்சொல். கூச்சப்படாதே, காசு கொடுத்தவன் நீ. ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அள. பிஸ்டன் மண்டையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட்டைப் பார்க்கட்டும். சர்க்ளிப் புதுசு, பழசை மறுபடி போடாதே. ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு.

உதை கிக்கரை. எடுக்கவில்லையா? பிளக்கைக் கழற்றிப் பார், துடை, மறுபடி உதை. எடுத்துவிட்டதா? உடனே முறுக்காதே. முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டு, சூடேறினால் நிறுத்தி ஆறவிடு. ரிங் போரோடு பழகட்டும். பழகிவிட்டதா? இப்போது முறுக்கு. ஆக்சிலேட்டர் முட்டி நிற்கும்வரை முறுக்கு!