மணலிலே எழுந்த கோயில்

சிவாலய வழிபாட்டின் நிறைவில் அடியார்கள் சண்டேசுவரர் சந்நிதியில் நின்று, மெல்லக் கைகொட்டி, சிவதரிசனப் பலனைத் தந்தருளும்படி வேண்டுவது சைவ மரபு. வழிபாட்டின் பயனையே வழங்குகின்ற அத்துணை உயர்ந்த பதவியை அவர் பெற்றது எப்போது? ஆற்றங்கரையில் மணல் அளைந்து விளையாடிய சிறுபராயத்திலே ஆகும்.

சேய்ஞலூரிலே எச்சதத்தன் என்பவரின் மகனாகப் பிறந்தவர் விசாரசருமர். பசுவை அடித்த இடையனைத் தடுத்து, ஊர்ப் பசுக்களைத் தாமே மேய்க்கத் தொடங்கிய அச்சிறுவர், மண்ணியாற்றங்கரையில் ஆத்திமரத்தின் கீழ் மணலைக் குவித்துச் சிவலிங்கம் அமைத்தார். சுற்றிலும் மணலாலேயே கோயிலும் மதிலும் கோபுரமும் எழுப்பினார். பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை எடுத்து அபிடேகம் செய்தார். முற்பிறப்பிலே செய்த அருச்சனையின் தொடர்ச்சியே இவ்விடத்தில் விளையாட்டாக வெளிப்பட்டது என்பது சேக்கிழார் பெருமானின் கருத்து.

ஊரார் முறையிட்டதைக் கேட்ட தந்தை, குராமரத்தில் ஏறி மறைந்திருந்து பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மணலில் ஊற்றப்பட்டு வீணாகும் பால் மட்டுமே. ஓடி வந்து மகனின் முதுகிலே கோலால் அடித்தார். பாற்குடத்தையும் காலால் உதைத்துச் சிந்தினார். அதன்பின் நடந்தது அடியார்கள் அறிந்ததே. மகன் சண்டேசுர பதம் பெற்றார். தந்தையும் குற்றம் நீங்கிச் சிவலோகம் சேர்ந்தார். ஆயினும், தம் பிள்ளையின் கை அந்த மணலிலே என்ன செய்தது என்பதை ஒரு கணம் நின்று கேட்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்த அவசரம் இன்றும் பல வீடுகளில் உண்டு. முற்றத்திலே சிரட்டையால் மண்புட்டு அவிக்கும் பிள்ளைக்கு முதலில் விழுவது அடி. "சட்டை ஊத்தையாகுது, உள்ளுக்கு வா" என்று அழைத்துச் சென்று, கையிலே தொலைபேசியைக் கொடுத்து அமர்த்திவிட்டால் வீடு சுத்தமாக இருக்கும். அந்தப் பிள்ளையின் கைவிரல்களோ ஒரு கண்ணாடியைத் தடவுவதோடு நின்றுவிடும்.

மண்ணளையும் பிள்ளை கற்பவை பல. ஈரமண் பிடிபடும், உலர்ந்த மணல் நழுவும் என்பதை அது கையாலேயே அறிகிறது. பெரிய பாத்திரத்து நீரைச் சிறிய சிரட்டையில் வார்க்கும்போது அளவை அறிகிறது. பிசைந்து, உருட்டி, கிள்ளும் விரல்களே பின்னர் பென்சிலைப் பிடிக்க வலுப்பெறுகின்றன. கொழகொழப்பு, சொரசொரப்பு, குளிர்ச்சி என்னும் சொற்கள் தொட்டபின்பே பொருளுடன் மனதில் பதிகின்றன. ஒரே சிரட்டைக்கு இருவர் கைநீட்டும்போது விட்டுக்கொடுத்தலும் வருகிறது.

முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலேயே முதலெழுத்தை எழுதுவிக்கின்றனர். திண்ணைப் பள்ளிகளிலே மணலில் எழுதியே எழுத்துப் பழகினர். 1907 ஆம் ஆண்டு உரோமாபுரியில் சிறுவர் இல்லத்தைத் தொடக்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தே எழுத்தறிவித்தார். பிள்ளைகளின் சின்னக் கை அளைந்த கூழ் அமிழ்தத்திலும் இனியது என்று மக்கட்பேற்றைப் பாடும்போது திருவள்ளுவர் கூறியதும் சிந்திக்கத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயது முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைந்து விளையாட வேண்டும். இரண்டு வயது முதல் நான்கு வயது வரையானவர்கள் திரையின் முன் அமர்ந்திருப்பது ஒரு மணித்தியாலத்தை மிஞ்சலாகாது. அதற்கும் குறைந்த வயதினருக்குத் திரையே உகந்ததன்று.

இதன் பொருள் பிள்ளையைக் கவனிப்பாரின்றி மண்ணில் விட்டுவிடுவது என்பதன்று. நாய், பூனை அசுத்தப்படுத்தும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். விளையாடி முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, நகம் வெட்டி, பூச்சி மருந்தை வைத்தியர் சொல்லும் காலத்தில் கொடுக்க வேண்டும். வாளித் தண்ணீரும் கட்டில்லாத கிணறும் சிறு பிள்ளைக்கு ஆபத்தானவை. பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். வாயில் வைக்கும் பருவத்தினருக்குப் புளியங்கொட்டை, மணி போன்றவை ஆகா. சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தால் டெங்கு நுளம்பு பெருகாது. ஈரமண்ணைத் தொட அஞ்சும் பிள்ளையை வற்புறுத்தாமல், ஒரு கரண்டியைக் கொடுத்து மெல்லப் பழக்கலாம்.

திருவிழாக் காலத்தில் ஆலய வீதி மணலிலே பெரியவர்கள் புரண்டு அங்கப்பிரதட்டணம் செய்கின்றனர். உடம்பெல்லாம் ஒட்டிய அந்த மணலை ஒருவரும் ஊத்தை என்பதில்லை. அதே வீதியின் ஓரத்தில் சின்னஞ்சிறுவர் மணற்கோயில் கட்டி, குரும்பட்டியில் தேர் செய்து, தகரப்பேணியில் மேளமடித்துத் தங்கள் திருவிழாவை நடத்துவர். அவர்களைக் கலைக்க ஓங்கும் கை, எச்சதத்தரை நினைந்து சற்றே தாழட்டும். அருகில் குந்தியிருந்து, "இது எந்தச் சாமி, தம்பி?" என்று கேட்டால், பிள்ளை தன் கோயிலின் கதவைத் திறந்து காட்டும்.

மணலில் எழுந்த கோயிலையும் தன் கோயிலாக ஏற்றருளிய சிவபெருமான், ஊரின் இளங்குருத்துகள் யாவரும் உடல்நலமும் அறிவும் அன்பும் பெற்று வளர அருள்பாலிப்பாராக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குவதாக!