தேற்றாங்கொட்டையும் நம் பானையும்



மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதியில், களுவாஞ்சிக்குடியை அடையுமுன் வருவது தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி. அங்கேதான் அப்போஸ்தலர் புனித யூதா ததேயுவின் ஆலயம் இருக்கிறது. ஒக்டோபர் பிறந்துவிட்டால் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள்! கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பரிந்து பேசுபவர் என்று நம்பி, மெழுகுதிரியோடும் நேர்த்தியோடும் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஊரின் பெயரே நமக்கு ஒரு மறையுரை சொல்லுகிறதே, அதைக் கேட்டீர்களா?

தேற்றா மரத்தால் அவ்வூருக்கு அப்பெயர் வந்ததாகச் சொல்லுவார்கள். தேற்றாங்கொட்டையை நம் பாட்டிமார் நன்கு அறிவர். மாரி வெள்ளத்தில் கிணறு கலங்கிப்போனால், மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரைப்பார்கள். பின் கலங்கல் நீரை அதில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் மண் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்து நிற்கும். கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் இதை அறிந்திருந்தார்கள். வடமொழி மனுநூலும் இதைச் சொல்லி, அந்த மரத்தின் பெயரை உச்சரிப்பதால் மட்டும் தண்ணீர் தெளிவதில்லை என்று இடித்துரைக்கிறது. அவர்கள் கண்ட இந்த உண்மை, ஞானஸ்நானப் பெயரை மட்டும் தாங்கி நடக்கிற நமக்குத் தெரியாமற் போயிற்றோ?

கொட்டை நாம் உண்டாக்கியதன்று. தேவ வரப்பிரசாதமும் அப்படியே. அது முழுவதும் இறைவனின் கொடை. நம் முயற்சியால் அதைச் சம்பாதித்தோம் என்று ஒருவரும் பெருமை கொள்ள இடமில்லை. ஆனால் கொட்டையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, பானை ஏன் இன்னும் கலங்கிக் கிடக்கிறது என்று கேட்கலாமா? நம்மைக் கேளாமலே நம்மைப் படைத்தவர், நம் இசைவில்லாமல் நம்மை நீதிமான்களாக்குவதில்லை என்பது புனித அகுஸ்தீனாரின் போதனை. உரைக்கவேண்டிய கை நம்முடையது.

ஒரு தகப்பனை நான் அறிவேன். வருடந்தவறாமல் நவநாளுக்கு வருபவர். ஒருமுறை கண்கலங்கி நின்றார். “சுவாமி, என்ட மகன் குடிக்கிறான், வீட்டில சமாதானமில்ல. அப்போஸ்தலரிட்ட மண்டாடுங்க” என்றார். பேச்சோடு பேச்சாக, கூடப்பிறந்த தம்பியோடு வேலித் தகராறில் பல வருடங்களாக அவர் பேசுவதில்லை என்றும் தெரிய வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். “நீங்க போய்ப் பேசலாமே” என்றேன். “அதை யூதா ததேயு பாத்துக்குவார், சுவாமி” என்றார்!

பிரியமானவர்களே, சிரிக்கவேண்டாம். நாமும் இதைத்தானே செய்கிறோம்? பிள்ளைகளின் ஞானம் மறைக்கல்வி ஆசிரியரின் பொறுப்பு, செபம் கன்னியர் மடத்தின் பொறுப்பு, பரிசுத்தம் குருவானவரின் பொறுப்பு என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கியது. வலை இழுப்பவரும் வயல் விதைப்பவரும் அடுப்படியில் நிற்பவரும் பரிசுத்தத்திற்கு அழைக்கப்பட்டவர்களே என்பது அதன் கருத்து.

நாம் மன்றாடும் அந்த அப்போஸ்தலர் என்ன சொல்லுகிறார்? சுவிசேஷத்தில் அவர் வாய்திறந்து பேசுவது ஒரே ஒரு இடத்தில். கடைசி இராப்போசன வேளையில், உலகத்துக்கு உம்மைக் காட்டாமல் எங்களுக்கு மட்டும் காட்டுவது ஏன் என்று யேசுவைக் கேட்கிறார் (அருளப்பர் 14). ஆண்டவர் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். என்மேல் அன்புள்ளவன் என் வார்த்தையைக் கடைப்பிடிப்பான், அவனிடம் நாங்கள் வந்து குடிகொள்ளுவோம் என்ற பொருள்பட மறுமொழி சொன்னார். கேட்டது ஒரு காட்சியை. கிடைத்தது ஒரு கடமை.

யூதாவின் பெயரால் வழங்கும் திருமுகமும் அப்படித்தான். ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனங்கள். மெழுகுதிரி பாதி உருகுமுன் வாசித்து முடித்துவிடலாம். மழை தராத மேகங்களைப் பற்றி அதில் வருகிறது. நம் வேளாண்மைக்காரருக்கு அந்த வேதனையை விளக்கவும் வேண்டுமோ? பிறகு, உங்கள் விசுவாசத்தின்மேல் உங்களை நீங்களே கட்டியெழுப்புங்கள், செபியுங்கள், இறையன்பில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லுகிறார். முடிவிலோ, நாம் விழாமல் காக்க வல்லவர் இறைவனே என்று துதிக்கிறார். இரண்டும் ஒரே கடிதத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிட்டால் நாம் அவருடைய பக்தர்களல்ல, வெறும் வாடிக்கையாளர்கள்.

இன்னும் ஒன்று. தெளிந்த நீரின் அடியில் மண் கிடக்கிறது. யாராவது பானையைத் தட்டினால் மீண்டும் கலங்கிவிடும். கெட்டிக்காரப் பெண்கள் தெளிவை வேறு பாத்திரத்தில் இறுத்துவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாம் ஏன் பாஸ்குவுக்கு மட்டும் தேடுகிறோம்? இரவில் செபமாலைக்கு முன் ஐந்து நிமிடம், இன்று யாரை நோகடித்தேன் என்று வீட்டில் எல்லோரும் மௌனமாக இருந்து பார்த்தால் என்ன? தொலைக்காட்சியை நிறுத்தவேண்டி வரும், அவ்வளவுதான். முதலில் தகப்பன் இருக்கட்டும். பிள்ளைகள் பார்த்து இருப்பார்கள்.

அந்தத் தகப்பனை அடுத்த வருடம் கண்டேன். நவநாளின் மூன்றாம் நாள் இரவு தம்பியின் படலைவரை போனதாகவும், கூப்பிட வாய் வராமல் திரும்பியதாகவும் சொன்னார். ஏழாம் நாள் மறுபடியும் போயிருக்கிறார். நாய் குரைத்ததாம். தம்பி விளக்கோடு வெளியே வந்து, “ஆரது?” என்று கேட்டாராம்.

“நான்தான்டா” என்றாராம் இவர். மகன் இன்னும் குடியை முழுதாய் விடவில்லை. ஆனால் அன்றிரவு தகப்பனுக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு போனவன் அவன்தானாம்.