சார்ஜ் எங்கேயிருந்து வருகிறது?

இரவு ஜெபம் முடிந்து வேனில் ஏறுகிறீர்கள். செல்ஃப் எடுக்கவில்லை. "பேட்டரி போச்சுங்க" என்கிறார் டிரைவர். வட்டிக்கு வாங்கிப் புது பேட்டரி போடுகிறீர்கள். பத்து நாளில் திரும்பவும் அதே கதை! ஏன்? பேட்டரி, சேர்த்து வைக்கிற பாத்திரம் மாத்திரமே. ஓடுகிற வண்டியில் மின்சாரத்தை உண்டுபண்ணுகிறது ஆல்டர்னேட்டர். நம்ம மெக்கானிக்குகள் டைனமோ என்பார்கள். புத்தியில்லாத ஐந்து கன்னிகைகளிடத்திலும் தீவட்டி இருந்ததே, எண்ணெய்தானே இல்லை? (ஞாயிற்றுக்கிழமை சார்ஜிலேயே வாரமெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் புரியும்!)

கடன்படுமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைவாயிருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. இப்போது ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட்டைப் போட்டு, மறுபடியும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை ஏறவேண்டும். ஏறாமல் 12-லேயே நிற்கிறதா? பேட்டரியைத் திட்டாதிருங்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், டெர்மினல் பூத்திருக்கலாம், ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு; அது புது பேட்டரியையும் கொதிக்கவைத்துக் கொன்றுபோடும்.

சார்ஜ் சரியாய் வந்தும் காலையில் செத்துக் கிடந்தால்? ஒன்று, பேட்டரிக்கே வயதாகிவிட்டது. அல்லது அணையாத டிக்கி லைட்டோ, பிற்பாடு மாட்டின பாட்டுப்பெட்டியோ ராத்திரியெல்லாம் இரகசியமாய்க் குடிக்கிறது.

இன்னொரு காரியம். வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி 'டைனமோ டெஸ்ட்' பண்ணுகிறவர்கள் உண்டு. வோல்ட்டேஜ் சட்டென்று எகிறி டயோடையும் எலக்ட்ரானிக் பெட்டியையும் எரித்துவிடும். எத்தனை அனுபவசாலி சொன்னாலும் இடங்கொடாதேயுங்கள்.