யார் பார்க்கிறார்கள்?

வெள்ளிமலையில் ஒரு டீக்கடைப் பலகையில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். சாராய ஊறலைத் தேடிப் போலீசார் கல்வராயன் மலைமேல் பறக்கவிட்ட ட்ரோனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"வண்டாட்டம் இரையுமுங்க ஐயா. கொல்லையில களை எடுக்கிற பொம்பளைங்க அண்ணாந்து பாத்துட்டு முந்தானைய இழுத்து விட்டுக்குவாங்க. யாரு பாக்குறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

தவறு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக் கொண்டவள் என்ன தவறு செய்தாள்?

அவர் கேள்வி, நான் முன்பு படித்த ஒரு செய்தியை நினைவூட்டிற்று. 2013-இல் அமெரிக்கக் கடற்படை, 'பிராவிடன்ஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் நீருக்குள் இருக்கும்போதே அதிலிருந்து ஒரு சிறு ட்ரோனை வெளியே அனுப்பியது. டார்பிடோக் குழாய் வழியே ஓர் உறை வெளியேறி, மேலே மிதந்து வந்து நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து கிளம்பிய ட்ரோன் பல மணி நேரம் பறந்து, கண்டதைப் படமாக அனுப்பிற்று.

அதற்கு முன்பெல்லாம் நீர்மூழ்கி வெளியே பார்க்க வேண்டுமானால் பெரிஸ்கோப்பை நீருக்கு மேல் நீட்ட வேண்டும். எதிரி கண்ணில் பட்டுவிடலாம். பார்க்கிறவன் பார்க்கப்படவும் துணிய வேண்டியிருந்தது. அந்தப் பயத்தில் ஏதோ ஒரு நியாயம் இருந்ததாக எனக்குப் படுகிறது. போகட்டும், யுத்தத்தில் இரு தரப்பும் ஒளிந்துதான் கொள்கின்றன. (1967-இல் கடற்படையில் சேர்ந்த நம் முதல் நீர்மூழ்கியின் பெயர் கல்வரி. கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மலைதான் ஞாபகம் வரும். அது என்னவோ ஒரு சுறாவின் பெயராம்.)

மலையில் இருப்பவர்கள் எதிரிகளா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தப் பிணங்களுக்குப் பிறகு, கண்காணிக்காதே என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் கருணாபுரம் மலையில் இல்லை. ஊருக்குள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெத்தனாலோ ஆலைச் சரக்கு, காட்டில் காய்ச்சுவதல்ல. அங்கே பார்ப்பதற்குப் பறக்க வேண்டியதில்லை, நடந்தால் போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மரத்தடி ஊறல் பானையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, பாதையில்லாத ஊரிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருவது தெரியாமலா போகும்? 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை இது. இம்மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்துக் கொண்டதும் அந்த 2024-இல்தான், சாவுகளுக்குப் பிறகு. பார்த்தவனுக்கு, பார்த்ததற்காக ஒரு கடமையும் சேருகிறது அல்லவா? ஆளைத் தெரிந்தால் அதை அவனிடம் கேட்கலாம்.

"இப்பவும் அது வருகிறதா?" என்றேன்.

"எப்பவாச்சும் வரும். எம் பேத்தி அதப் பாத்துக் கையாட்டும்" என்று சிரித்தார் பெரியவர். கச்சிராயபாளையம் போகிற பஸ் வந்துவிட்டது.