ஊர் திரும்புவோரும் ஊரில் இருந்தோரும்

பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ பிறந்த ஊரை விட்டு வெளியேறி, இருபது முப்பது ஆண்டுகளை வேறெங்கோ கழித்துவிட்டு, நரை கண்ட பின் அவ்வூருக்கே குடியேற வருகிற ஒருவருக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை எளியது. இந்தியக் குடிமகன் இந்நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கலாம் என்று அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு சொல்கிறது. பூர்வீகச் சொத்தில் பங்கு உள்ளவர் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் அதைக் கேட்கலாம் என்று சொத்துரிமைச் சட்டங்கள் சொல்கின்றன. அறத்தின் விடை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஏனெனில் அவர் இல்லாத காலத்தில் யாரோ அந்த வீட்டுக்கு வரி கட்டினார்கள், யாரோ முதியவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், யாரோ வற்றிய ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினார்கள்; திரும்பி வருகிறவர் கால் வைக்கும் இடம், அவர்கள் பார்த்துக்கொண்டதால் மிஞ்சியிருக்கும் இடமாகும்.

இக்கேள்வியை வைத்துப் பார்க்கத் திருநின்றவூர் பொருத்தமான களம். சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டி வரும் இவ்வூரைப் பழையவர்கள் இன்றும் தின்னனூர் என்பார்கள். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இதன் வழியே சென்றதால், ஊரை விட்டுப் போகும் வழி இங்கே மற்ற ஊர்களுக்கு முன்பே திறந்துவிட்டது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபோது, வெளிமாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இப்பாதை நெடுகிலும் மனை வாங்கிக் குடியேறினார்கள். 2014இல் வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை திறக்கப்பட்டது. 2021இல் பேரூராட்சி நகராட்சியாயிற்று. ஆகவே இவ்வூர் ஒரு தலைமுறையை வெளியே அனுப்பிய அதே காலத்தில் வேறு ஊர்க்காரர்களைத் தன்னகத்தே ஏற்றுக்கொண்டும் இருந்திருக்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர், அதே முப்பது ஆண்டை நியூஜெர்சியிலோ துபாயிலோ கழித்துவிட்டுத் தாத்தா வீட்டுக்குத் திரும்பியவர் ஆகிய இருவரில் ஊர்க்காரர் யார் என்று கேட்டால், பிறப்பைச் சொல்லி விடை கூறுவது வழக்கம். ஆனால் தெருவில் தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு மழைக்கும் நகராட்சி வாசலில் போய் நின்றவர் முன்னவர்தான் என்பதை அந்த விடை மறைத்துவிடுகிறது.

விட்டுப் போனவர் திரும்பி வருவதைத் தமிழ் அறநூல் நேராகவே எடுத்துப் பேசியிருக்கிறது. சுற்றத்தாரைத் தழுவி நடத்தலைக் குறிக்கும் 'சுற்றந்தழால்' என்னும் திருக்குறளின் 53ஆம் அதிகாரத்தில் இறுதி இரண்டு குறள்களும் பிரிந்து போன சுற்றத்தாரைப் பற்றியவை. முதலாவது, மனக்கசப்பால் பிரிந்தவர் அக்கசப்பின் காரணம் நீங்கினால் தாமே திரும்பி வருவார் என்கிறது. இரண்டாவது, விட்டுப் போய்விட்டு ஒரு காரணம் பற்றித் திரும்பி வந்தவனுக்கு அவன் நாடி வந்ததைச் செய்து கொடுத்து, ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொள்ளுமாறு அரசனுக்குச் சொல்கிறது. இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடக் குறள் இடம் கொடுக்கவில்லை. அதேபோல் நடந்ததை மறந்துவிட்டு அப்படியே சேர்த்துக்கொள் என்றும் அது சொல்லவில்லை. ஏற்பு உண்டு, ஆராய்வும் உண்டு. அரசனுக்குச் சொன்னதை ஊருக்கும் குடும்பத்துக்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை என்றால், எதை ஆராய்வது என்பதே அடுத்த கேள்வி.

அந்த ஆராய்ச்சி மிகக் கூர்மையாக நடக்கும் இடம் பாகப்பிரிவினை, அதாவது பொதுச் சொத்தைப் பங்காளிகளுக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார், தம்பி பூர்வீக வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், சட்டம் பெரும்பாலும் போனவர் பக்கமே சாய்கிறது: பொதுச் சொத்தை ஒரு பங்காளி எவ்வளவு காலம் தனியாக அனுபவித்தாலும், மற்றவரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றினாலன்றி, அந்த அனுபவம் மற்றவரின் பங்கை அழித்துவிடாது. பன்னிரண்டு ஆண்டு அனுபவித்துவிட்டால் சொத்து தனக்கே என்ற ஊர்ப்பேச்சு பங்காளிகளுக்குள் அப்படியே செல்லாது. இது சரியான விதிதான். இல்லாவிட்டால் வேலைக்குப் போன ஒவ்வொருவரும் வீட்டை இழந்துவிடுவார். ஆனால் இவ்விதி பங்கைக் காக்கிறதே அன்றிப் பராமரிப்பைக் கணக்கில் எழுதுவதில்லை. தகப்பனார் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும் வீட்டுவரி ரசீதுகளைத் தகர டப்பாவில் அடுக்கி வைத்திருப்பதும், தாத்தா காலத்து மின் இணைப்பு எண்ணை மனப்பாடமாகச் சொல்வதும், தாயாரின் கடைசி மூன்று ஆண்டுகளில் இரவு எத்தனை முறை எழுந்தோம் என்பதும் பத்திரத்தில் ஏறாதவை. பத்திரத்தில் ஏறுவது சதுர அடி மட்டுமே.

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஒருதலையாகிவிடும். போனவர் பல நேரம் தம் விருப்பத்துக்காகப் போகவில்லை. தங்கையின் திருமணக் கடனுக்காகவும், தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகவும் குடும்பமே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவைத்த கதைகள் இப்பகுதியில் ஏராளம். வளைகுடாவில் ஒரே அறையில் பத்துப் பேரோடு படுத்தெழுந்து அவர் அனுப்பிய பணத்தில்தான் ஓட்டுவீடு மாடிவீடானது என்றால், இருந்தவரின் பராமரிப்பில் ஒரு பகுதியும் அந்தப் பணத்தில் நடந்ததே. இருந்தவருக்கும் குற்றம் வரலாம்: பங்காளிக்குத் தெரியாமல் பட்டாவில் தன் பெயரை மட்டும் ஏற்றிக்கொள்வதும், அண்ணன் எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை, பேச்சுவழக்கில் 'பவர்' எனப்படுவதை, வைத்து ஒரு மனையை ஓசையில்லாமல் விற்றுவிடுவதும் கேள்விப்படாதவை அல்ல. அண்ணன் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்ததே அதற்குத் துணிவு தந்தது என்பதால், இந்தத் துரோகத்தைச் சாதாரணத் திருட்டோடு சேர்க்க முடியாது.

இவ்விரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. அனுப்பிய பணத்துக்கு ரசீது உண்டு, விழித்த இரவுக்கு ரசீது இல்லை. ஆகையால் கணக்கு என்று உட்கார்ந்தாலே போனவரின் கை ஓங்கிவிடுகிறது. அந்தச் சாய்வைத் தாமாகவே நேர்செய்ய வேண்டிய பொறுப்பு திரும்பி வருகிறவரிடம் இருக்கிறது. பராமரித்ததற்கு மாதச் சம்பளம் போட்டுக் கழித்துக்கொள்வது இதற்கு வழியன்று. பெற்றவளைப் பார்த்துக்கொண்டதைக் கூலி வேலையாக்கும் அவமதிப்பு அதில் இருக்கிறது. சம பங்கைச் சட்டப்படி வைத்துக்கொண்டே, வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பவர் அங்கேயே தொடர்ந்து வாழும் முதலுரிமையை ஒப்புக்கொள்வதும், பங்கைப் பணமாகவோ வேறு மனையாகவோ பெற அவகாசம் கொடுப்பதும், விற்றுப் பிரித்துவிடலாம் என்ற பேச்சைத் தம் வாயால் முதலில் எடுக்காமலிருப்பதும் அறத்துக்கு நெருக்கமானவை. திரும்பி வருகிறவருக்கு ஊரில் இன்னொரு வீடு வாங்க வழி இருக்கும்போது தம்பியைக் கிளப்பிவிட்டுத்தான் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும் என்பது பாசத்தின் பெயரால் செய்யப்படும் வன்முறை.

மகள்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. மகன் ஊரை விட்டுப் போவது அவன் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி; மகள் போவதோ திருமணத்தின் விதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005இன் மத்தியத் திருத்தம் மகள்கள் அனைவருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தன. இருந்தும் நடைமுறையில், சகோதரிகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவந்து, தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் கைரேகையும் பதிய வைத்து, வாசலில் காபி வாங்கிக் கொடுத்து, ஒரு பட்டுப்புடவையோடு அனுப்பிவைப்பது இன்றும் நடக்கிறது. கணவனை இழந்தோ பிரிந்தோ ஐம்பது வயதில் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால், அவள் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகனை வாழை மரம் கட்டி வரவேற்கிற தெரு, திரும்பிய மகளைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறது. திரும்புதல் என்னும் ஒரே செயலை ஆணுக்குப் பெருமையாகவும் பெண்ணுக்குத் தோல்வியாகவும் எண்ணும் வரையில், ஊர்ப்பாசத்தைப் பற்றிய உயர்ந்த பேச்சுகளைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குக் கடன்பட்டவர் என்று எல்லாரையும் பொதுவாகச் சொல்வதிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் ஊறிய இடம் என்று கடுமையாகச் சாடியபோது, ஊரை விட்டுப் போவது சிலருக்கு இழப்பு அன்று, விடுதலை என்பதையே உணர்த்தினார். சாதி வழக்குக்கு அஞ்சித் தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தெருவில் பேரன் திரும்பி வந்து வீடு வாங்குகிறான் என்றால், அவனிடம் 'ஊருக்கு என்ன செய்தாய்' என்று கணக்குக் கேட்கும் தகுதி அந்தத் தெருவுக்கு இல்லை; கேட்க வேண்டியது அவன்.

இனி, நினைவின் ஊருக்கும் மண்ணின் ஊருக்கும் உள்ள பூசல். சென்னைக்கு மேற்கே இதே பகுதியைச் சேர்ந்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநின்றவூர்ப் பூசலார் வருகிறார். பொருளின்றி மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர். அதே நாளைக் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குறித்திருந்த மன்னன், அன்று தான் பூசலாரின் கோயிலுக்குச் செல்வதாக இறைவன் கனவில் வந்து தடுக்க, அக்கோயிலைக் காண வந்து, அப்படியொரு கட்டடம் இல்லை என்று அறிந்து வியந்தான் என்பது கதை. இருதயாலீசுவரர் கோயில் அதன் நினைவாக இவ்வூரில் இருக்கிறது. மனக்கோயிலின் மேன்மை, அதற்காக யாருடைய குடிசையும் அகற்றப்படவில்லை என்பதிலும் அடங்கியிருக்கிறது. திரும்பி வருகிறவர் மனத்திலும் ஓர் ஊர் கட்டப்பட்டிருக்கிறது: ஏரிக்கரை, நெல்வயல், வேப்பமரம். அது மனத்தில் இருக்கும் வரை யாருக்கும் கெடுதல் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஊர் அதைப் போல இல்லையே என்று இங்கே வாழ்பவர்களைக் குறைசொல்லத் தொடங்கும்போது அது அநீதியாகிறது.

2021 நவம்பர் மழையில் இவ்வூரின் ஈசா ஏரி நிரம்பி, அதை ஒட்டிய நகர்களில் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. தாழ்வான இடத்தில் வீடு கட்டியவர்களின் பேராசையே காரணம் என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. ஏரிப் பாசனம் பெற்ற ஆயக்கட்டு நிலங்களை மனைகளாக்கி விற்றது யார், அந்தப் பணத்தில் யாருடைய விமானச் சீட்டு வாங்கப்பட்டது என்று பின்னோக்கிக் கேட்டால், விரல் சில நேரம் கேட்டவரையே காட்டும். அயல்நாட்டுச் சேமிப்போடு இப்போது வந்து, சொன்ன விலைக்கே மனை வாங்குகிறவர் தம்மையறியாமலேயே அந்தத் தெருவின் விலையை நிர்ணயித்துவிடுகிறார் என்பதும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சம்பளம் வாங்கும் வாடகைக் குடித்தனக்காரர் அதன் பிறகு வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை என்று மேற்கே நகர வேண்டியிருக்கும் என்பதும் இதே கணக்கைச் சேர்ந்தவை. இதற்காக ஒருவரை வராதே என்று சொல்ல முடியாது. பேரம் பேசுவதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கடைசியாக, திரும்பாமலேயே திரும்பியவர்களாகிவிடும் பிள்ளைகள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் நாடற்ற இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்கள் தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது இலங்கை மலையகத்தில், தாயகத்தைக் கண்ணால் கண்டிருந்தவர்கள் அவர்களின் பாட்டன்மாரே. மண்டபம் முகாமில் இறங்கிப் பலர் பூர்வீகக் கிராமத்துக்குப் போகாமல், 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களை நம்பி நீலகிரிக்கே போனார்கள். பழகிய மலையும் குளிரும் அங்கேதான் இருந்தன. அரசுகள் பேசி முடித்ததை வசதியுள்ள குடும்பத்தின் முடிவோடு ஒப்பிடுவது அளவில் பொருந்தாது. ஆயினும் வெளிநாட்டில் பிறந்து பதினான்கு வயதில் திருநின்றவூருக்கு அழைத்து வரப்படும் பெண்ணிடம் 'இதுதான் உன் ஊர்' என்று சொல்லும்போது, அவளுக்கும் அதே வகையான செய்திதான் கிடைக்கிறது. அவளுடைய ஊர், தோழிகள், நடந்து பழகிய தெரு எல்லாம் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. பிறந்து வளர்ந்த இடத்தின் இழுப்பு எவ்வளவு வலியது என்பதைத் தம் செயலாலேயே மெய்ப்பித்துவிட்டு வந்திருக்கும் தந்தை, ஐந்தாறு ஆண்டு கழித்து மகள் அதே இழுப்பைச் சொல்லித் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டால், அதை மறுக்க எந்த நியாயத்தையும் தமக்கென்று மிச்சம் வைத்திருக்கமாட்டார்.